பழைய ஏர்கன் குழலில் கீறல்: எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி இதுதான். மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் தாத்தா காலத்து டயானா 27 ஏர்கன் ஒன்று பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. சுடுவதில் குறையில்லை. ஆனால் குழலிலும், அதன் பின்னால் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் இருக்கும் சிலிண்டரிலும் மெல்லிய கீறல்கள், கை படும் இடத்தில் வெளுத்த தேய்மானம், அடிப்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? நாச்சியார்கோவிலில் விளக்குப் பட்டறையில் கொடுத்து பஃபிங் (சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவது) போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று உறவினர் சொல்கிறாராம். கொடுக்கலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள். நாச்சியார்கோவில் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் வேலை பித்தளையில். வார்ப்பிலிருந்து வந்த குத்துவிளக்கைக் கடைந்து, சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவது அங்கே தினப்படி நடப்பது. அதே சக்கரத்தில் துப்பாக்கிக் குழலைப் பிடித்தால் கீறல் போகும், கூடவே குழலின் கருநீல நிறமும் மொத்தமாகப் போகும். கூர்மையாக இருக்கவேண்டிய விளிம்புகள் மழுங்கும். திருகுத் துளைகளின் வாய் பள்ளமாகும். சிலிண்டர் மேல் இருக்கும் டயானா முத்திரை, வில்லைக் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் அந்த வேட்டைத் தெய்வம், பாதி அழிந்து நிற்கும். வெள்ளையாகப் பளபளக்கும் அந்த எஃகு, நம்மூர் ஈரத்தில் மறுநாளே சிவக்க ஆரம்பிக்கும். பித்தளை கறுத்தால் மறுபடி துலக்கிக்கொள்ளலாம். எஃகில் ஒருமுறை போன முத்திரை போனதுதான்.

இப்போது முதல் கேள்வி. அந்தக் கருநீலம் என்ன என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அது பெயின்ட் இல்லை, முலாமும் இல்லை. எஃகின் மேல்தோலையே வேதியியல் முறையில் கறுப்பு இரும்பு ஆக்சைடாக, அதாவது மேக்னடைட்டாக மாற்றியிருக்கிறார்கள். இதைத்தான் புளூயிங் என்கிறோம். சாதாரணத் துருவும் இரும்பு ஆக்சைடுதான். ஆனால் அது சிவப்பு, பொலபொலவென்று உதிரும், கீழே இருக்கும் இரும்பைத் தொடர்ந்து தின்னும். மேக்னடைட் அப்படியில்லை, இரும்போடு ஒட்டி நிற்கும், எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துருவை அது மட்டும் தனியாகத் தடுத்துவிடாது, தடுப்பதில் பாதி வேலை அந்த எண்ணெயுடையது.

முக்கியமான விஷயம் அதன் கனம். ஓரிரு மைக்ரான்தான், மனிதத் தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. அப்படியென்றால் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் கீறல் எதுவும் புளூயிங்கில் மட்டும் விழுந்ததில்லை, அடியில் இருக்கும் எஃகிலேயே விழுந்தது. அதை உண்மையிலேயே ‘எடுக்க’ வேண்டுமானால் சுற்றியிருக்கும் எஃகைக் கீறலின் ஆழம் வரைக்கும் தேய்த்து இறக்க வேண்டும், அந்த இடத்துப் புளூயிங் முழுவதையும் பலிகொடுக்க வேண்டும். அதனால் பழைய துப்பாக்கியில் கீறலை எடுப்பது அபூர்வமாகத்தான் சரியான வேலை. பெரும்பாலும் நாம் செய்யக்கூடியது கண்ணுக்குத் தெரியாமல் அடக்குவதுதான். பல சமயம் அதுகூடத் தேவைப்படாது.

கையை வைப்பதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. குழலை மடக்கிப் பார்த்து உள்ளே குண்டு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். விசையை ஏற்றிவைத்த நிலையில், குழலைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தத் துடைக்கும் வேலையும் செய்யாதீர்கள். தவறி டிரிகர் பட்டால் குழல் விசையோடு திரும்பி மூடும், நடுவில் விரல் இருந்தால் எலும்பு தாங்காது. இரண்டாவது, தோளில் வைக்கும் மரக்கட்டையைக் கழற்றுவது வரைக்கும் உங்கள் வேலை, சிலிண்டரின் பின்பக்கத்தைத் திறப்பது உங்கள் வேலை இல்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஓய்வில் இருக்கும்போதும் அழுத்தத்தில்தான் இருக்கும். கட்டையைக் கழற்றும்போதும் திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். திருகுத் தலை சிதைந்து நிற்பது எந்தக் கீறலையும்விட அசிங்கம்.

சரி, முதல் வேலை சுத்தம். நம்மூர் வீடுகளில் துப்பாக்கிக்கும் தேங்காய் எண்ணெய்தான் போட்டிருப்பார்கள். அது வருடக்கணக்கில் பிசுக்காகி, தூசியைப் பிடித்து, மஞ்சள் பழுப்பில் ஒரு படலமாக நிற்கும். நீங்கள் கீறல் என்று நினைப்பதில் ஒரு பகுதி அந்தப் படலத்தில் விழுந்த கீறல். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையோ, பெயின்ட் கடை தின்னரையோ பழைய பருத்தித் துணியில் நனைத்துத் துடையுங்கள். தின்னர் மரக்கட்டையின் வார்னிஷைத் தின்றுவிடும் என்பதால் கட்டையை முதலில் கழற்றிவிடுங்கள். துணியில் கறுப்பு நிறமே கரைந்து வந்தால் நிறுத்திவிடுங்கள். யாரோ எப்போதோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அது வேறு கதை. அழுக்கு மட்டும் வந்தால் தொடரலாம்.

அடுத்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட் வேண்டாம். பளிச்சென்று மஞ்சளாகவோ வெள்ளியாகவோ தெரியும் கோடுகள் பல நேரம் கீறலே இல்லை. சாவிக்கொத்து, பெல்ட் பக்கிள், ஈயக் குண்டு, பக்கத்தில் கிடந்த பித்தளைச் சாமான் என்று ஏதோ ஒன்று உரசித் தன் உலோகத்தைக் குழல் மேல் தடவிவிட்டுப் போயிருக்கும். நகத்தை வைத்தால் பள்ளம் இருக்காது, கொஞ்சம் மேடாகக்கூட இருக்கலாம். அந்த இடத்தில் இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, நான்கு பூஜ்யம் போட்ட மிக நைசான ஸ்டீல் வுல்லால் விரல் பாரம் மட்டும் கொடுத்து மெல்லத் தேயுங்கள். கோடு போய்விடும், புளூயிங் அப்படியே இருக்கும். எண்ணெய் இல்லாமல் தேய்க்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் பச்சை நாரும் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, இரண்டும் புதுக் கீறலைத்தான் போடும். நான்கு பூஜ்ய ஸ்டீல் வுல் நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது, இணையத்தில் மரவேலைச் சாமான் விற்பவர்களிடம் கிடைக்கும்.

இந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்கள் யாராவது புளியைக் கொண்டுவருவார்கள். புளி, எலுமிச்சை, வினிகர், பித்தளைக்குப் போடும் பாலிஷ், கடையில் விற்கும் துரு நீக்கி எதுவும் வேண்டாம். செப்புக் குடத்தின் கறுப்பு புளியில் போகிறதே என்றால், அதே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்கிறேன். அமிலம் உலோக ஆக்சைடைக் கரைக்கும். குடத்தில் அந்த ஆக்சைடு அழுக்கு. உங்கள் துப்பாக்கியில் அந்த ஆக்சைடுதான் நாம் காப்பாற்ற வந்த கருநீலம். சில நிமிடத்தில் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும்.

பழுப்புப் புள்ளிகளுக்கு வருவோம். துரு மேலோடு மட்டும் இருந்தால் அதே எண்ணெயும் ஸ்டீல் வுல்லும் போதும். கொஞ்சம் தடித்த புள்ளியாக இருந்தால் எண்ணெய் நனைத்த துணியை அதன் மேல் சுற்றி ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் செம்பால் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மிருது, துருவைப் பெயர்க்கும், குழலைக் கீறாது. பழைய காலணா இருந்தால் அது போதும். இப்போது புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகில் செய்தவை, அவற்றை எடுத்துவிடாதீர்கள். காலணா இல்லையென்றால் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் தடித்த செப்புக் கம்பித் துண்டு ஒன்று கேளுங்கள். டெல்டாவில் அந்தக் கடை இல்லாத ஊர் எது? கம்பியின் மேல் இருக்கும் எனாமலைச் சுரண்டிவிட்டு, முனையைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கினால் நல்ல சுரண்டி. துரு பெயர்ந்த இடத்தில் சின்னக் குழி தெரியும். அந்தக் குழி இருக்கட்டும். அதை நிரவப் போனால் சுற்றிலும் தேய்க்க வேண்டியிருக்கும்.

இப்போது உண்மையான கீறல்கள். நகத்துக்குத் தட்டுப்படாமல் கண்ணுக்கு மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிபவை, பிறகு கை பட்டுப் பட்டு வெளுத்த இடங்கள். இவற்றுக்குத்தான் கோல்ட் புளூ (cold blue, தொட்டியில் கொதிக்கவைக்காமல் பூசுவது) என்ற திரவம். பர்ச்வுட் கேசி போன்ற நிறுவனங்களின் குப்பிகள் இணையத்தில் கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பாலும் இருப்பது செலீனியஸ் அமிலமும் செப்பு உப்பும். இது உண்மையான புளூயிங் இல்லை என்பதை மனதில் வையுங்கள். எஃகை மேக்னடைட்டாக மாற்றுவதில்லை, அதன் மேல் செம்பும் செலீனியமும் சேர்ந்த ஒரு கறுத்த படலத்தைப் படியவைக்கிறது. பழைய புளூயிங் போல அது உழைக்காது, நிறமும் அப்படியே பொருந்தாது. பழையதன் கருநீலத்துக்குப் பக்கத்தில் இது கொஞ்சம் சாம்பல் கறுப்பாக நிற்கும். மெல்லிய கோடுகளில் அந்த வித்தியாசம் கண்ணில் படாது. உள்ளங்கை அகலத் திட்டில் கட்டாயம் படும். அதனால் கீறலுக்கு இது நல்ல மருந்து, பெரிய பரப்புக்குச் சுமாரான மருந்து.

செலீனியச் சேர்மங்கள் விஷம். கையுறை போடுங்கள், திண்ணையிலோ கொல்லையிலோ காற்றோட்டமாக உட்காருங்கள், சமையலறைப் பாத்திரம் எதையும் எடுக்காதீர்கள், குப்பியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இந்த வேலையில் பத்துக்கு எட்டுப் பேர் சறுக்குவது எண்ணெய்ப் பசையால். உலோகத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் திரவம் அங்கே பிடிக்காது, திட்டுத் திட்டாக நிற்கும். ஸ்பிரிட்டோ அசிட்டோனோ கொண்டு இரண்டு மூன்று முறை புதுத் துணியால் துடையுங்கள், அதன்பின் வெறும் விரல் படக் கூடாது. கடையில் வாங்கும் ஸ்டீல் வுல்லிலேயே துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். நடுவில் அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதையும் அசிட்டோனில் அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உலோகத்தைக் கொஞ்சம் சூடாக்க வேண்டும். கையில் பிடித்தால் இதமாக இருக்கும் சூடு போதும், சித்திரை வெயிலில் சற்று நேரம் வைத்தாலே வந்துவிடும். மழைக்காலமென்றால் தலைமுடி உலர்த்தும் டிரையர். ரொம்பச் சூடானால் திரவம் விழுந்தவுடன் காய்ந்து கறை கட்டும்.

திரவத்தைக் குப்பியிலிருந்து நேராகத் தொடாமல் ஒரு பிளாஸ்டிக் மூடியில் சில சொட்டு ஊற்றிக்கொண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால், மெல்லிய கோடாக இருந்தால் பல்குத்தும் குச்சியால், கீறலின் மேல் மட்டும் தடவுங்கள். பக்கத்தில் நல்ல புளூயிங் மேல் வழியவிட வேண்டாம், அமிலம்தானே, அதன் நிறத்தையும் மாற்றிவிடக்கூடும். ஒரு நிமிடத்துக்குள் கோடு கறுக்கும். ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஸ்டீல் வுல்லால் ஒரே ஒரு மெல்லிய தடவல். மறுபடி திரவம். முதல் தடவையில் வரும் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், மூன்று நான்கு முறைக்குப் பிறகுதான் அடர்த்தி வரும். போதும் என்று பட்டதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர்த்தி, தாராளமாக எண்ணெய் பூசி ஒரு இரவு விட்டுவிடுங்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் ஒரு பார்வை பாருங்கள். மிச்சமிருக்கும் அமிலம் அந்த இடத்தில் சிவப்பாகத் துளிர்ப்பது உண்டு. துளிர்த்தால் எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும்.

நகத்துக்கு லேசாகத் தட்டுப்படும் கீறலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எஃகில் கீறல் விழும்போது உலோகம் காணாமல் போவதைவிட இரண்டு கரையிலும் ஒதுங்கி மேடாக நிற்பதுதான் அதிகம். வயலில் ஏர் ஓடிய சாலுக்கு இரு பக்கமும் மண் நிற்பது போல. வெளிச்சத்தைப் பிடித்துக் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் அந்தக் கரைகள்தான். வழவழப்பாக மெருகேற்றிய கடினமான எஃகுக் கம்பியின் பக்கவாட்டால், எண்ணெய் தொட்டு, கீறலின் நீளவாக்கில் அழுத்தி நீவினால் கரைகள் படியும். பொற்கொல்லர்கள் நகைக்கு மெருகு கொடுக்க வைத்திருக்கும் எஃகுக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. தேய்ந்து மழுங்காத நல்ல டிரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியும் உதவும். அதன் பிறகு கோல்ட் புளூ வைத்தால் கீறல் இருந்தும் இல்லாத மாதிரி அடங்கிப்போகும். எஃகை எடுக்காமல் செய்யும் வேலை என்பதால் எனக்கு இதுதான் மிகவும் பிடித்த முறை.

இதற்கும் மேல் ஆழமான கீறலை வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு எடுப்பது உண்டு. 600 நம்பரில் ஆரம்பித்து 1000, 1500 என்று போய், விரலால் அழுத்தாமல் சின்ன மரத்துண்டில் சுற்றி, துப்பாக்கியின் மற்ற இடத்தில் பழைய மெருகுக் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அதே திசையில் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் குழலில் பள்ளம் விழும், எண்ணெய் போட்டதும் அது அலையலையாகத் தெரியும். இப்படி வெளுத்த இடத்துக்கு மறுபடி கோல்ட் புளூ போடுவதால் அது எப்போதும் ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருக்கும். முத்திரை, எண், பொறித்த எழுத்து எதற்கும் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய டயானாக்கள் பலவற்றில் சிலிண்டரின் பின்பகுதியில் தயாரான மாதமும் ஆண்டும் பொடியாகக் குத்தியிருக்கும். உங்கள் துப்பாக்கியின் வயதைச் சொல்லும் இடம் அது, கட்டைக்குப் பக்கத்தில் இருப்பதால் தெரியாமல் தேய்த்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் தாத்தா துப்பாக்கியில் ஆழமான கீறலை அப்படியே விடுவேன். பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களும் தேய்ந்த அசல் புளூயிங்கைத்தான் விரும்புகிறார்கள், மழமழவென்று தேய்த்துப் புதிதாக்கியதை இல்லை.

முழுக்க மறு புளூயிங் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தொழிற்சாலை முறை என்பது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைத்து 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும் தொட்டியில் முக்குவது. அதை வீட்டில் நினைத்தும் பார்க்காதீர்கள். அலுமினியப் பாகம் இருந்தால் கரைந்தே போகும், ஈயப் பற்று வைத்த இணைப்புகள் விட்டுப்போகும், மேலே தெறித்தால் கண்ணும் தோலும் போகும். அதற்கு முந்தைய பழைய முறை சுவாரஸ்யமானது. வேண்டுமென்றே மெல்லிய துருவை வரவைத்து, அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் சிவப்பு ஆக்சைடு கறுப்பாக மாறும், உதிரும் பொடியைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி துரு, மறுபடி கொதி. அழகான, உறுதியான நிறம் வரும். குளிர்நாட்டுக்காரர்கள் இதற்காக ஈரம் நிறைந்த பெட்டி ஒன்றைத் தனியாகச் செய்துகொள்வார்கள். ஐப்பசி மாதத்தில் தஞ்சாவூர் மாவட்டமே அந்தப் பெட்டிதான். ஆனால் கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர்தான் வேண்டும். பாகங்களை முழுதாகப் பிரித்தாக வேண்டும் என்பதால் முதல் வேலையாக இதில் இறங்கவும் வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று. வெளியே பூசும் எண்ணெய் சிலிண்டருக்குள் போகக் கூடாது. பிஸ்டன் காற்றை நொடியில் அழுத்தும்போது உள்ளே வெப்பம் பலமடங்கு ஏறும், பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் டீசல் இன்ஜினில் நடப்பது போலவே பற்றிக்கொள்ளும். குழல் வாயில் புகை, பெரிய வெடிச்சத்தம், கூடுதல் வேகம் எல்லாம் வரும். இளைஞர்களுக்கு அது குஷியாகக்கூட இருக்கும். ஆனால் வாஷரும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்விடும். அதனால் துணியில் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், ஸ்பிரேயை நேராக அடிக்காதீர்கள்.

கடைசியாக வைக்கும் இடம். இத்தனை செய்துவிட்டு மறுபடி பரணிலோ, பத்தாயத்தின் மேலோ, சுண்ணாம்புச் சுவரில் ஆணியடித்தோ வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. நெல்லும் உமித் தூசியும் ஈரம் பிடிக்கும். தோல் உறையும் பஞ்சு வைத்த பையும் அதைவிட மோசம், ஈரத்தை உலோகத்தோடு ஒட்டவைத்துவிடும். நாகை, வேதாரண்யம், காரைக்கால் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். சுவரில் சாயாமல் காற்றுப் படும் மர அலமாரியில், பூட்டி வையுங்கள். எண்ணெய் வழிந்து இறங்கிவிடும் என்பதால் நீண்ட நாள் எடுக்காத துப்பாக்கிக்கு, தேய்க்கும் பொடி கலக்காத கார் மெழுகு ஒரு மெல்லிய பூச்சு கொடுப்பது நல்லது. வேளாங்கண்ணித் திருவிழா போன்ற இடங்களில் பலூன் சுட வைத்திருக்கும் ஏர்கன்களைக் கவனியுங்கள். புளூயிங் என்று ஒன்று பேருக்குக்கூட இருக்காது, குழல் முழுக்க வெள்ளை. ஆனாலும் கடற்கரைக் காற்றில் ஓடிக்கொண்டிருக்கின்றன, கடைக்காரர் கையில் எப்போதும் ஒரு எண்ணெய்த் துணி இருப்பதால்.

அந்த பலூனையோ அட்டையையோ சுடுங்கள். தாத்தா காலத்தில் மடையான் கொக்கு அடித்த கதையைப் பேரன் தொடர முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம், பறவைகள் சரணாலயமான வடுவூர் ஏரி உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வேலையை ஆரம்பிக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எண்ணெயும் ஸ்டீல் வுல்லும் மட்டும் போதும். அதற்குப் பிறகும் உறுத்தும் கோடு எது என்று பார்த்துவிட்டு, அதற்கு மட்டும் குப்பியைத் திறங்கள்.